குளச்சல் கண்ணாடி

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்று ஆறு வரைக்கும் எங்கள் வீட்டு முன்னறைக்குள் பகல் வந்ததில்லை. வாசல்வரை வரும். படியில் ஒரு காலை வைத்து உள்ளே எட்டிப் பார்க்கும். இங்கே நமக்கு வேலையில்லை என்று அடுத்த வீட்டுக்குப் போய்விடும். நான் அதைக் குறை சொல்லமாட்டேன். சொந்த அறையாக இருந்தும் எனக்கே உள்ளே போகக் கொஞ்சம் தயக்கம்தான்.

மணவாளக்குறிச்சிக்கு ஒரு நடை தூரத்தில் வீடு. ஓலைக்கூரை தாழ்ந்து வந்து வாசலில் தலையைத் தட்டும். கிழக்கே அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டிக்கொண்டிருந்தது. வடக்கே அடுக்களை. தெற்கே வாசல், வாசலை மறைத்து ஒரு புளியமரம். மேற்கே கிருஷ்ணமணி அண்ணாச்சியின் வைக்கோல்படப்பு எங்கள் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு தலைமுறையாகப் படுத்திருந்தது. இது போதாதென்று அறையின் பாதியை ஒரு பத்தாயம் பிடித்திருந்தது. அயினிப் பலகையில் செய்த பெரிய நெல்லுப்பெட்டி. என் அப்பா காலத்தில் அதற்குள் நெல் கிடந்தது. நான் தேங்காய் வியாபாரத்தில் இறங்கிய பிறகு இருட்டு மட்டும் கிடந்தது.

அந்த இருட்டு எப்படிப்பட்டது என்று சொல்லவேண்டும். வெற்றிலைக்குத் தடவிய சுண்ணாம்பு பக்கத்தில் இருப்பவரின் முழங்காலுக்குப் போய்விடும். ஒருமுறை என் மச்சினன் வந்து நெடுநேரம் குடும்பக் காரியம் பேசிவிட்டுப் போனான். நான் அன்று வீட்டிலேயே இல்லை. பத்தாயத்தோடு பேசியிருக்கிறான். "அத்தானுக்கு இப்பம் பொறுமை வந்திருக்கு, எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லல்ல" என்று ஊரெல்லாம் சொன்னான். அந்தப் பெயர் எனக்கு இன்றும் இருக்கிறது.

இப்படிப்பட்ட வீட்டுக்கு நான் கல்யாணம் செய்து கூட்டி வந்தது ஆரல்வாய்மொழிப் பெண்ணை.

ஆரல்வாய்மொழிக் காற்றைப் பற்றி நான் பேசினால் கூட்டிச் சொல்கிறேன் என்பார்கள். ஆகையால் குறைத்தே சொல்கிறேன். ஆடி மாதம் அங்கே கோழி முட்டையிட்டால் முட்டையை அடுத்த ஊரான காவல்கிணற்றில் போய்த்தான் பொறுக்கவேண்டும். வீடுகளுக்குச் சுவர் இருக்கிறது, சுவரில் பாதி சாளரம். மலை இரண்டு பக்கமும் ஒதுங்கி நிற்க, வெளிச்சமும் காற்றும் நடுவே கைகோத்துக்கொண்டு ஓடும். பெண் பார்க்கப் போனபோது சத்தியபாய் கிணற்றடியில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். பல் தெரிந்தது, தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை. காற்று கிழக்கே கொண்டுபோய்விட்டது. அந்தச் சிரிப்பைக் காவல்கிணற்றில் யாரோ சும்மா கேட்டிருப்பார்கள்.

கல்யாணம் முடிந்து என் வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு நன்றாகக் கேட்டது. முகம்தான் தெரியவில்லை. அங்கே பார்த்தேன், கேட்கவில்லை. இங்கே கேட்டேன், பார்க்கவில்லை. இரண்டும் ஒருசேர ஒரு தடவை வேண்டும் என்பது தவிர அந்த நாளில் எனக்கு வேறு ஆசை இல்லை. பிறகு கேட்பதும் குறைந்துபோயிற்று. காற்றில் வளர்ந்த பெண் இருட்டில் எத்தனை நாள்தான் சிரிப்பாள்.

தலைப்பிரசவத்துக்கு அவளைக் கூட்டிப்போக வில்வண்டி வந்து நின்றது. வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

"இஞ்ச பாருங்க. பிள்ளையத் தூக்கீட்டு இந்தப் பொந்துக்குள்ள நான் வரமாட்டேன்."

"பொந்தா? எனக்க அப்பனுக்க அப்பன் கெட்டின வீடாக்கும்."

"அவரு பெருச்சாளியா இருந்திருப்பாரு. நல்லா கேட்டுக்கிடுங்க. உச்சி வேளையில விளக்கு கொளுத்தாம எனக்க பிள்ளைக்க முகம் எனக்குத் தெரியணும். தெரிஞ்சா இருப்பேன். இல்லேன்னா வந்த வண்டியிலயே திரும்பிருவேன். நீங்க வேணும்னா அங்க வந்து இருங்க."

"அங்க வந்தா நான் பறந்துருவேனேட்டி."

"மடியில கல்லைக் கெட்டிக்கிடுங்க."

சொன்னால் செய்கிறவள். வண்டி புளியமரத்தைச் சுற்றிக்கொண்டு போயிற்று. பிள்ளை பிறந்து ஐந்தாம் மாதம் திரும்பி வருவாள்; அதுவரைதான் எனக்குக் காலம்.

முதலில் கிருஷ்ணமணி அண்ணாச்சியிடம் போனேன். அண்ணாச்சி அய்யாவழிக்காரர். பேச்சு சுத்தம், வேட்டி சுத்தம், வைக்கோலை அடுக்கினால் ஒரு துரும்பு வெளியே நீட்டாது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அய்யாவைக் கும்பிடச் சாமித்தோப்புக்கு நடந்தே போய் வருவார்.

"அண்ணாச்சி, மேலச்சுவத்துல ஒரு சாளரம் வச்சுக்கிடட்டா?"

"வையேன். எனக்க வைக்கோலு உனக்க வீட்டுக்குள்ள எட்டிப் பாக்கும்."

"படப்பை ஒரு நாலு முழம் தள்ளி வச்சா…"

"லே பொன்னுலிங்கம், அது எனக்க அப்பன் வச்ச இடத்துல இருக்கு. படப்பு என்ன, நடக்கப்பட்ட சாதனமா?"

சரி, வெளியிலிருந்து வெளிச்சம் வராது, உள்ளேயே உண்டாக்கிக்கொள்ளலாம் என்று யோசித்தேன். யோசித்ததும் மணவாளக்குறிச்சி மணல் ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்துக் கடற்கரை மணலைச் சாக்கில் கட்டிக் கப்பலில் ஏற்றிச் சீமைக்குக் கொண்டுபோவதும், அங்கே அதை என்னமோ செய்து கேஸ்லைட்டின் வெள்ளைத் திரிக்கூட்டுக்குள் வைப்பதும், அது பளீரென்று எரிவதும் ஊரில் எல்லோரும் அறிந்த சங்கதி. சீமைவரை போய் எரிகிற மணல் உள்ளூரில் எரியாமலா போகும்? ஓலைக் கடவத்தில் அள்ளிச் சுமந்து வந்தேன். சுண்ணாம்பில் குழைத்து மூன்று சுவருக்கும் பூசினேன்.

காய்ந்த பிறகு பார்த்தால் அறை முன்னைவிடக் கறுப்பு. மணல் கறுப்பாக இருப்பதை நான் கவனித்திருந்தேன். கப்பலில் போனால் வெளுக்கும் என்பதைத்தான் கவனிக்கவில்லை.

ஆனால் ஒன்று நடந்தது. விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனபோது மூன்று சுவரிலும் பொடிப்பொடியாக மினுங்கியது. நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. சுவர் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. கையை நீட்டிக்கொண்டு நடந்தேன். வழக்கமாக இரண்டு எட்டில் முட்டுகிற சுவர் அன்று வெகுநேரம் முட்டவில்லை. மேகமில்லாத வானத்துக்குள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடப்பதுபோல இருந்தது. அறை பெரிதாகிவிட்டது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. வெளிச்சம்தான் வரவில்லை.

அந்தச் சமயத்தில் சைபுதீன் வந்தார். குளச்சலில் கருவாட்டு வியாபாரம், என் சிநேகிதர். எங்கள் பக்கம் வந்தால் என் வீட்டில் ஒரு கருப்பட்டிக் காப்பி குடிக்காமல் போகமாட்டார். வாசலில் நின்று குரல் கொடுத்தார்.

"வே பொன்னுலிங்கம், உள்ள இருக்கியா, வெளிய போயிருக்கியா?"

"உள்ளதான் சாயிப்பே. கையை நீட்டும், பிடிச்சுக் கூட்டீட்டு வாறேன்."

"இது உனக்க கையா?"

"பத்தாயம்."

"எம்பிடு பெரிய பத்தாயம்! எனக்குக் கருவாடு போட்டு வைக்க இப்பிடி ஒண்ணு கெடைக்க மாட்டேங்குதே" என்று தடவிக்கொண்டே உட்கார்ந்தார். காப்பியைக் கொடுத்தேன். என் சங்கடத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டுத் தன் சங்கடத்தைச் சொன்னார்.

"எனக்க வீட்டுல ஒரு கண்ணாடி கிடக்குவே. ஆள் உயரம். வாப்பா காலத்துல கப்பல்ல வந்தது. மேலச்சுவத்துல அடிச்சு வச்சாச்சு. தொழ நின்னா எதிர்ல நானே நிக்கேன். நான் குனிஞ்சா அவனும் குனியுதான். படச்சவன நினைக்கப்பட்ட நேரத்துல, இவனுக்கத் தொப்பி ஏன் கோணியிருக்குன்னு மனசு போகுது."

"ஒரு துணியப் போட்டு மூடலாமே."

"மூடினேன். உள்ள அவன் என்ன செய்யுதான்னு அறியாண்டாமா? எனக்க வீட்டுக்காரி ஜுபைதா பீவி தீத்துச் சொல்லியாச்சு. வீட்டுல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல அவன் இருக்கணும்."

அப்படித்தான் பேச்சு முடிந்தது. பத்தாயம் குளச்சலுக்கு, கண்ணாடி எனக்கு. போகும்போது சைபுதீன் ஒரு யோசனையும் சொன்னார்: "அதுக்க முன்னால ஒரு விளக்கு வச்சா ரெண்டாத் தெரியும். ரெண்டு பக்கமும் ரெண்டு வச்சா நாலு. எண்ணெய் ரெண்டுக்குத்தான்." வியாபாரி புத்தி.

கண்ணாடி போர்வை சுற்றி, வைக்கோலில் பொதிந்து மாட்டுவண்டியில் வந்தது. அதை வைக்கக் கிழக்குச் சுவரை மட்டும் வெள்ளையடித்து வைத்திருந்தேன். சுண்ணாம்பு தலையில் சொட்டாமல் துவர்த்துத் துண்டைத் தலையில் சுற்றிக் கட்டியிருந்தேன். சட்டை போடவில்லை. வியர்வையைத் துடைத்ததில் புருவநடுவிலிருந்து மேல்நோக்கி ஒரு சுண்ணாம்புக் கோடு ஏறியிருந்தது எனக்குத் தெரியாது. கண்ணாடியைச் சுவரில் நிறுத்தி, இரண்டு பக்கமும் இரண்டு குத்துவிளக்கைக் கொளுத்தி வைத்தேன். வெளியே வண்டிக்காரனும் சைபுதீனும் பத்தாயத்தை வாசலில் சிக்கவைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் போர்வையை உருவினேன்.

என்ன சொல்ல! நான் நினைத்தது விளக்கு வெளிச்சம். வந்தது வேறு. அந்தக் கண்ணாடி குளச்சலில் தெற்குச் சாளரத்துக்குப் பக்கத்தில், கடலை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு நாற்பது வருஷம் நின்றிருக்கிறது. பார்த்ததெல்லாம் உள்ளே இறங்கி ஊறியிருக்கிறது. போர்வை போனதும் அது கொஞ்சம்கொஞ்சமாகக் கசிய ஆரம்பித்தது. இளநீர் நிறத்தில் ஒரு வெளிச்சம். சுவரில் அலைந்து, கூரை ஓலையில் ஏறி, என் காலடியில் வந்து பின்வாங்கியது. மற்ற மூன்று சுவரிலும் மணல் மினுங்கியது.

"வே, வெளிச்சம் உண்டா?" பத்தாயத்துக்கு அந்தப் பக்கமிருந்து சைபுதீன் கத்தினார்.

"உண்டு!"

"கேக்கல்ல. உண்டா இல்லியா?"

"எனக்க அய்யா… உண்டு! அய்யா, உண்டு!"

அந்த நேரம் பார்த்துக் கிருஷ்ணமணி அண்ணாச்சி தெருவில் போனார்.

இங்கே ஒரு விஷயம் சொன்னால்தான் புரியும். அய்யாவழிக்காரர்களுடைய நிழல் தாங்கலில் சிலை கிடையாது. உள்ளே ஓர் ஆளுயரக் கண்ணாடி, இரண்டு பக்கமும் விளக்கு. ஆண்கள் சட்டையைக் கழற்றி, தலைப்பாகை கட்டி, நெற்றியில் வெள்ளை நாமம் மேல்நோக்கி இட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நிற்பார்கள். தனக்குள் இருப்பவனைத் தானே பார்த்துக் கும்பிடவேண்டியது. ஒருவரை ஒருவர் கண்டால் சொல்வது, "அய்யா உண்டு."

அண்ணாச்சி பத்தாயத்தின் இடுக்கு வழியாகத் தலையை நீட்டினார். என்னைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு, அந்த இடுக்கில் எப்படி நுழைந்தாரோ, என் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார்.

"ஒரு வார்த்தை சொல்லல்லியேலே நீ" என்றார். கண்ணாடியை நோக்கிக் கைகூப்பினார்.

"அண்ணாச்சி, இது வெளிச்சத்துக்கு வச்சதாக்கும்."

"வெளிச்சத்துக்குத்தாம்லே. வேற எதுக்கு?"

அன்று சாயங்காலத்துக்குள் அண்ணாச்சி தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

ஞாயிறு வந்தது. தெருவே வந்தது. ஆண்கள் தலைப்பாகையோடு, பெண்கள் பூவும் பழமும் தட்டில் ஏந்திக்கொண்டு. மூன்று பேர் உட்கார முடியாத அறையில் அத்தனை பேரும் நின்றார்கள். எப்படி என்றால் பாதிப் பேர் கண்ணாடிக்குள் நின்றார்கள். நான் வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன்: "இது குளச்சல் சாயிப்புகிட்ட பத்தாயத்துக்குப் பதிலா வாங்கின கண்ணாடி. வீட்டுக்காரி வரணும்னு வச்சது." தலையை ஆட்டிக் கேட்டார்கள். "எந்த வழியா வரணும்னு அய்யாவுக்கு நாம சொல்லிக் குடுக்க முடியுமா?" என்று ஒரு கிழவி கேட்டாள். நான் சொன்ன எத்தனையோ கதையை நம்பிய ஊர். இது உண்மையாகப் போயிற்று, நம்பவில்லை.

கூட்டம் போனபின் பிற்பகல்களில் நான் தனியாக உள்ளே இருப்பேன். அந்த வேளைகளை மறக்கமுடியாது. கண்ணாடிக்குள் இருந்த அறை என் அறையைவிடக் கொஞ்சம் பெரியது. முழம் போட்டு அளந்து பார்த்தேன். பாய் விரித்துப் படுத்தால் உதட்டில் உப்புக் கரிக்கும். வெளியே சாயங்காலம் ஆனபிறகும் கண்ணாடியில் ஆகாது; அது குளச்சல் வழியாக வரவேண்டுமல்லவா. சில நாள் கூரைக்குக் கீழே ஒரு பாய்மரம் மெதுவாக, யாரையும் எழுப்பிவிடக்கூடாது என்பதுபோல் போகும். அதன் நிழல் என் நெஞ்சின்மேல் ஏறி இறங்கும். ஒருநாள் எழுந்து பார்த்தபோது பாயில் மூன்று நெத்திலி கிடந்தது. அதைப் பூனை கொண்டுவந்தது என்று ஊரில் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் அப்போது பூனை இல்லை.

ஆனாலும் அது உச்சி வெயில் இல்லை. அந்த வெளிச்சத்தில் எல்லா முகமும் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல அசையும். பிள்ளை முகத்தைக் காட்டி, "இதுதான் மூக்கு, இதுதான் வாய்" என்று சத்தியபாயிடம் சாதிக்க முடியாது. எனக்கு அந்தக் கவலை தீரவில்லை.

கவலையைத் தீர்த்தவர் கிருஷ்ணமணி அண்ணாச்சி. அடுத்த ஞாயிறு விளக்குப் புகையும் கூட்டத்து வியர்வையும் சேர்ந்து பெண்கள் முந்தானையால் விசிற ஆரம்பித்தார்கள். அண்ணாச்சி மேலச்சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அய்யா இருக்கப்பட்ட இடத்துல காத்து வேண்டாமா?" என்றார்.

"மேற்கால படப்பு இருக்கே அண்ணாச்சி" என்றேன். சத்தியமாக நான் அவ்வளவுதான் சொன்னேன்.

"படப்பு கிடக்கு சவம்!" என்று வெளியே போனார். ஆளுக்கு ஒரு கட்டு என்று ஊரே தூக்கியது. தலைமுறையாகப் படுத்திருந்த படப்பு எழுந்து நடந்து தென்னந்தோப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அண்ணாச்சியே கடப்பாரையை எடுத்து மேலச்சுவரில் இரண்டு முழச் சதுரத்துக்கு இடித்தார்.

கடைசிக் கல் வெளியே விழுந்ததும் பகல் உள்ளே வந்தது. வாசல்வரை வந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்த அதே பகல்தான். முதலில் தரையில் கால்வைத்தது. மணல் சுவரைத் தொட்டது, சுவர் முழுக்கப் பற்றிக்கொண்டது. எதிரே கண்ணாடியைப் பார்த்தது, அங்கேயும் ஒரு பகல் நிற்பதைக் கண்டு இரண்டும் நடு அறையில் சந்தித்துக்கொண்டன. நாங்கள் எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தோம். பக்கத்து வீட்டுக்காரருக்கு மூக்கில் ஒரு மரு இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மறு ஞாயிறு உச்சி வேளையில் வில்வண்டி வந்து நின்றது.

சத்தியபாய் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். வீட்டு வாசலில் செருப்பில்லாத கால்தடங்கள், உள்ளே தலைப்பாகைகள், நடுவில் நான். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இது என்ன வேசம்?"

"உள்ள வாட்டி, சொல்லுதேன்."

கூட்டம் விலகி வழிவிட்டது. உள்ளே வந்து நின்றாள். பிள்ளையின் முகத்துணியை விலக்கிப் பார்த்தாள். விளக்கு தேவைப்படவில்லை. மகளின் மூக்கு, வாய், கன்னத்தில் ஓர் எறும்பளவு மச்சம், எல்லாம் தெரிந்தது. பிறகு கண்ணாடியைப் பார்த்தாள், தட்டில் இருந்த பூவைப் பார்த்தாள். என் காதருகில் கேட்டாள்.

"இது நமக்க வீடா, தாங்கலா?"

தாங்கல் என்று சொன்னால் அவள் எப்படி அங்கே பாய் விரித்துப் படுப்பாள், பிள்ளைக்குப் பால் கொடுப்பாள்? வண்டி திரும்பிவிடும். வீடு என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னால் அண்ணாச்சி வைக்கோலைத் திரும்பக் கொண்டுவந்து சாளரத்தில் சாத்துவார். அறை பழையபடி பொந்து. அப்போதும் வண்டி திரும்பிவிடும். வண்டிக்காரன் மாட்டை அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தான். அவனிடம் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறாள்.

எந்தப் பொய்யும் கைகொடுக்கவில்லை. "வீடுதான்" என்றேன்.

"அப்பிடித்தான் சொல்லுவான். ரெண்டு வாரமா இதையே சொல்லுதான்" என்றார் அண்ணாச்சி பெருமையாக. "தாழ்மை வந்திருக்கு அவனுக்கு."

சத்தியபாய் அவரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். அரை நிமிஷத்தில் சங்கதி முழுக்க அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

"அண்ணாச்சி, நாளைக்கு இந்த வீட்டுல சாளைமீன் புளிமுளக் குழம்பு வைக்கப் போறேன். எனக்கு நாக்கு செத்துக் கிடக்கு."

"மீனா? அய்யா இருக்கப்பட்ட இடத்துலயா?"

"அடுக்களை அந்தால இருக்கு. மணம் இஞ்ச வராதா? பின்ன பிள்ள இருக்கு. இதப் பிடிங்க" என்று மகளை அவர் கையில் கொடுத்தாள். "இதுக்குத் தாங்கல் தெரியுமா, வீடு தெரியுமா?"

மகள் அந்நேரம் தன் கட்சியைச் சொன்னாள். அண்ணாச்சியின் சுத்தமான வேட்டியில் முன்பக்கம் முழுக்க நனைந்தது. கூட்டத்தில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். அண்ணாச்சி பிள்ளையைத் தூரமாக நீட்டிப் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

"சுத்தம் கெட்டுப்போகும்" என்றார் மெதுவாக. "அய்யாவ இஞ்ச வச்சிருக்க முடியாது."

"பின்ன எங்க கொண்டு போவீக?" என்றாள் சத்தியபாய்.

அவர் நாலு பக்கமும் பார்த்தார். சாளரத்துக்கு வெளியே படப்பு இருந்த இடம் வெயிலில் பெருக்கி மெழுகியதுபோலக் கிடந்தது. வெகுநேரம் அதையே பார்த்தார். ஒரு மனிதர் தன் அப்பனுக்கும் அய்யாவுக்கும் நடுவில் நிற்பதை அன்றுதான் கண்டேன்.

"எனக்க அப்பன் வைக்கோலத்தான் வச்சாரு. நான் அய்யாவ வைக்கேன்" என்றார் கடைசியில். பிறகு சந்தேகமாக என் பக்கம் திரும்பினார். "லே, இதெல்லாம் உனக்க வேலையா?"

"சத்தியமா இல்ல அண்ணாச்சி."

"நீ சத்தியம் செய்தா எனக்குச் சந்தேகம் கூடத்தான் செய்யுது."

ஆனாலும் கண்ணாடி போயிற்று. படப்பு இருந்த இடத்தின் மேற்கு ஓரத்தில், எங்கள் சுவருக்கு நடுவே முற்றம் விட்டு ஓலைக்கூரை போட்டு, கிழக்கு பார்த்து வாசல் வைத்து, உள்ளே கண்ணாடியை நிறுத்தினார்கள். தாங்கலுக்கு முன்னால் யார் வைக்கோலை அடுக்குவார்கள்? அந்த முற்றம் இன்றுவரை திறந்தே கிடக்கிறது. பத்தாயமும் போய், கண்ணாடியும் போய், எங்கள் முன்னறையில் ஒரு பாயும் ஒரு தொட்டிலும் நிறைய இடமும் மிச்சம் இருந்தன.

அதோடு நிற்கவில்லை. காலையில் வெயில் கிழக்கேயிருந்து வந்து எங்கள் கூரைமேல் ஏறி, அந்தப் பக்கம் குதித்து, தாங்கல் கண்ணாடியில் முட்டித் திரும்பி, எங்கள் சாளரம் வழியாக உள்ளே வரும். ஊருக்கெல்லாம் கிழக்கே உதிக்கிற சூரியன் எங்கள் முன்னறைக்கு மேற்கே உதித்தது. கொஞ்சம் உப்பு வாசனையோடு. பின்னாளில் என் மகள் பள்ளிக்கூடத்தில் சூரியன் மேற்கே உதிக்கும் என்று சொல்லி முட்டுக்கால் போட்டாள். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வாத்தியார்தான் வருத்தப்பட்டார்.

சைபுதீன் ஒருநாள் பிற்பகல் சாளைக் கருவாட்டோடு வந்தார். வாசலில் வழக்கம்போலக் கையை நீட்டிக்கொண்டு நுழைந்தவர், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"கொள்ளாமேவே! இது எந்த வீடு?" என்று மெச்சினார். தொழுகை நேரம் ஆகியிருந்தது. சத்தியபாய் அறையைக் கூட்டிக்கொடுத்தாள். அவர் துண்டை விரித்து, மேற்கு பார்த்து, கண்ணை மூடித் திறந்தார். சாளரத்துக்கு வெளியே, முற்றத்துக்கு அப்பால், ஓலைக்கூரையின் நிழலுக்குள், சிறியதாக ஒரு சைபுதீன் துண்டு விரித்து நின்றுகொண்டிருந்தார்.

"அட, எனக்க பின்னாலயே வந்துட்டானே! இங்க என்னவே செய்யுதான் இவன்?"

துண்டை எடுத்துக்கொண்டு அறையின் வடக்கு மூலைக்கு ஓடினார். சாளரச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற சத்தியபாய் அதைப் பார்த்தாள். முதலில் வாயைப் பொத்தினாள். அது நிற்கவில்லை. பல் தெரிந்தது, தோள் குலுங்கியது, மேற்கிலிருந்து வந்த வெளிச்சம் கன்னத்தில் விழுந்தது. காற்று எங்கேயும் கொண்டுபோகவில்லை.

நான் பார்த்தேன். கேட்கவும் கேட்டது.